மோட்டார் சைக்கிள் என்ஜினில் எண்ணெயின் அளவும் அதைப் பேணும் முறையும்

மோட்டார் சைக்கிள் பராமரிப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் என்ஜின் ஆயிலை எப்போது மாற்றுவது, எந்த ஆயிலை ஊற்றுவது என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகின்றனர்; ஊற்றிய எண்ணெய் இன்று எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்ற கேள்வி, அவ்விரண்டுக்கும் முன்னதாக எழ வேண்டியதாக இருந்தும், அரிதாகவே எழுகிறது. எண்ணெய் மாற்றுவதைப் பணிமனையிடமும் அளவு பார்ப்பதை வண்டி ஓட்டுபவரிடமும் ஒப்படைப்பது உற்பத்தியாளர்களின் கையேடுகளில் காணப்படும் பொதுவான பாகுபாடு. நடைமுறையிலோ முதல் வேலை எப்படியோ நடந்துவிட, இரண்டாவது வேலை ஒரு சர்வீசுக்கும் மறு சர்வீசுக்கும் இடைப்பட்ட மாதங்களில் ஒருமுறைகூட நடப்பதில்லை. அந்த மாதங்களில் ஒரு சிறிய என்ஜினுக்குள் எண்ணெய்க்கு என்ன நேர்கிறது, அதன் அளவை எவ்வாறு பிழையின்றிப் பார்ப்பது, பார்த்த அளவிலிருந்து எதை அறிந்துகொள்வது என்பவையே இவ்வுரையின் பொருள். இந்தியச் சாலைகளில் மிகுதியாக ஓடும் நூறு சிசி ஒற்றைச் சிலிண்டர் வண்டி இங்கே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

ஹீரோ ஹோண்டா நிறுவனம் 1985இல் கொண்டுவந்த சிடி 100 வண்டியும், 1994இல் அதன் வழியில் வந்த ஸ்பிளெண்டரும் இவ்வகைக்கு இலக்கணமாக அமைந்தவை. அவற்றின் என்ஜினில் சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை செல்லும் தொலைவு, அதாவது வீச்சு, 49.5 மில்லிமீட்டர்; கொள்ளளவு 97.2 சிசி. பெட்ரோலை நிரப்பி, மூடியைப் போட்டு, மறந்துவிடலாம் என்ற பொருளில் அந்நிறுவனம் செய்த விளம்பரம் நாடறிந்தது. எரிபொருள் சிக்கனத்தைப் பொறுத்தவரை அந்தக் கூற்று மிகையன்று. ஆனால் மறப்பதற்குக் கிடைத்த அந்த உரிமத்தைப் பெட்ரோல் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளாமல் எண்ணெய்க்கும் சேர்த்து எடுத்துக்கொண்டவர்கள் பலர்.

அதற்கு முந்தைய தலைமுறை வண்டிகள் அவ்வாறு மறக்க இடம் தரவில்லை. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, பின்னர் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டர் ஆகிய யாவும் டூ ஸ்ட்ரோக் என்ஜின் கொண்டவை. அதாவது, பிஸ்டனின் இரண்டு வீச்சுகளுக்கு ஒருமுறை எரிதல் நிகழும் அமைப்புடையவை. அவ்வமைப்பில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் கிராங்க் அறையின் வழியாகவே சிலிண்டரை அடைவதால் அந்த அறையில் எண்ணெயைத் தேக்கி வைக்க இயலாது. பெட்ரோலோடு கலந்தோ, தனித் தொட்டியிலிருந்து சிறு பம்பால் சொட்டுச் சொட்டாகச் செலுத்தப்பட்டோ செல்லும் எண்ணெய், தன் வேலையை முடித்துவிட்டு எரிந்து புகையாக வெளியேறிவிடும். ஆகவே மொபெட்டும் ஸ்கூட்டரும் வைத்திருந்தவர்கள் பெட்ரோல் பங்கில் நிற்கும்போதெல்லாம் ‘டூ டி’ ஆயிலையும் கேட்டு ஊற்ற வேண்டியிருந்தது. எண்ணெய் இருக்கிறதா என்ற கேள்வி பெட்ரோல் போடும் செயலுக்குள்ளேயே அடங்கியிருந்தது. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் பெருகியபோது, கடைசியாக 2015இல் எக்ஸ்எல் 100 வழியாக டிவிஎஸ் மொபெட்டும் அந்த முறைக்கு வந்தபோது, புகை குறைந்தது, சிக்கனம் கூடியது. எண்ணெயை நினைவூட்டிக்கொண்டிருந்த ஏற்பாடும் உடன் மறைந்தது. அந்த இடத்தில் வேறெந்த ஏற்பாடும் தானாக வந்து அமரவில்லை.

ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் எண்ணெய் எரிபொருளோடு கலப்பதில்லை. கிராங்க் அறையின் அடியில் உள்ள தேக்கத்திலிருந்து பம்பால் இழுக்கப்பட்டு, தேவையான பாகங்களுக்கு அனுப்பப்பட்டு, வழிந்து மீண்டும் அடியில் சேர்ந்து சுழன்றுகொண்டே இருக்கிறது. இந்த அடித்தேக்கத்தைச் சம்ப் என்பர். எண்ணெய் அங்கேயே தங்கியிருக்கும் அமைப்புக்கு ஈரச் சம்ப் என்றும், வேறொரு தொட்டியில் தங்கி, அங்கிருந்து என்ஜினுக்குச் சென்று உடனே தொட்டிக்குத் திரும்பும் அமைப்புக்கு உலர் சம்ப் என்றும் பெயர். கார்களில் என்ஜினுக்கு ஓர் எண்ணெய், கியர் பெட்டிக்கு வேறோர் எண்ணெய். நூறு சிசி மோட்டார் சைக்கிளிலோ பிஸ்டன், கிராங்க் தண்டு, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு ஆகியவற்றுக்கும், கியர் பற்களுக்கும், எண்ணெயில் ஊறியபடியே இயங்கும் கிளட்ச் தட்டுகளுக்கும் ஒரே எண்ணெய்தான். சிறிய காரின் என்ஜின் மட்டுமே ஏறத்தாழ மூன்று லிட்டர் எண்ணெயை வைத்துக்கொண்டிருக்க, இங்கே இத்தனை வேலைகளுக்கும் சேர்த்துச் சுமார் 800 மில்லிலிட்டர்தான் ஊற்றப்படுகிறது. சிக்கலின் வேர் இந்தக் கணக்கில் இருக்கிறது.

எண்ணெய் உராய்வைக் குறைக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அது எவ்வாறு குறைக்கிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் தெளிவாயிற்று. இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக ரயில் பெட்டி அச்சுகளின் தாங்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்த போஷாம் டவர், 1883இல் வெளியான தம் அறிக்கையில் ஒரு வியப்பான நிகழ்வைப் பதிவுசெய்தார். தாங்கியின் உச்சியில் எண்ணெய் விடுவதற்காக இடப்பட்ட துளை தேவையற்றுப் போனதால் அதை மரச் செருகியால் அடைக்க, அச்சு சுழலத் தொடங்கியதும் உள்ளிருந்த எண்ணெய் அந்தச் செருகியை வெளியே தள்ளிவிட்டது. அங்கே ஓர் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, தாங்கியின் மீது சுமத்தப்பட்டிருந்த சராசரி அழுத்தத்தைப் போல் இருமடங்குக்கும் மேல் எண்ணெயின் அழுத்தம் ஏறியது. சுழலும் அச்சு தானே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து, அந்த எண்ணெயின் அழுத்தத்தின் மீதே மிதக்கிறது என்பதும், அச்சும் தாங்கியும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை என்பதும் அதிலிருந்து புலனாயின. 1886இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குரிய கணிதச் சமன்பாட்டை வகுத்தார். இன்றைய என்ஜின் தாங்கிகளின் வடிவமைப்பு வரை அந்தச் சமன்பாடே அடிப்படை.

டவரின் சோதனையில் அச்சின் அடிப்பாகம் எப்போதும் எண்ணெயில் மூழ்கியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் இடைவிடாது கிடைத்தால்தான் அச்சு மிதக்கும். கிடைப்பது நின்றால் படலம் அறுந்து உலோகம் உலோகத்தைத் தொடும். நூறு சிசி என்ஜினில் பிஸ்டனின் நிலை இன்னும் இக்கட்டானது. நிமிடத்துக்கு 6000 சுற்று வேகத்தில் அதன் சராசரி வேகம் நொடிக்கு ஏறக்குறைய 10 மீட்டர். ஆனால் அது நொடிக்கு இருநூறு முறை முழுமையாக நின்று திசை மாறுகிறது. வேகம் இருந்தால்தான் எண்ணெய் இடுக்குக்குள் இழுக்கப்படும் என்பதால், பிஸ்டன் நிற்கும் அந்த இரு முனைகளிலும் படலம் மிக மெலிந்துவிடுகிறது. அப்போது உலோகத்தைக் காப்பவை எண்ணெயில் கரைந்திருக்கும் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த சேர்மங்கள். இவை உலோகத்தின் மேற்பரப்பில் தியாகப் படலம் ஒன்றை அமைத்துத் தாம் தேய்ந்து உலோகத்தைத் தேயவிடாமல் செய்கின்றன. சிலிண்டரின் தேய்மானம் மேல்முனையை ஒட்டியே அதிகமாக இருப்பதற்கும், லேத் பட்டறையில் ‘போர்’ எனப்படும் சிலிண்டர் விட்டத்தை அளப்பவர் முதலில் அந்த இடத்தில் கருவியை வைப்பதற்கும் காரணம் இதுவே.

எண்ணெய் செல்லும் வழியையும் இங்கே சொல்லியாக வேண்டும். சம்பிலிருந்து ஒரு வலை வழியாக இழுக்கப்படும் எண்ணெய் பம்பைக் கடந்து, கிராங்க் தண்டின் நுனியில் சுழலும் வட்டமான வடிகட்டிக்குள் நுழைகிறது. காகித வடிகட்டி இல்லாத இந்த என்ஜின்களில் கனமான உலோகத் துகள்கள் சுழற்சியின் விசையால் ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டு அங்கேயே படிந்துவிடுகின்றன. தெளிந்த எண்ணெயின் ஒரு பங்கு கிராங்குக்கும், ஒரு பங்கு சிலிண்டரின் தலைப்பகுதியில் உள்ள கேமுக்கும் ராக்கர் எனப்படும் நெம்புகோல்களுக்கும் செல்கிறது. பயணத்தின் கடைக்கோடியில் இருப்பவை இவையே. எனவே எண்ணெய் குறையும்போது முதலில் பட்டினி கிடப்பதும் இவையே. மெக்கானிக்குகள் ‘டப்பெட் சத்தம்’ என்று சொல்லும் தட்டும் ஒலி பல நேரங்களில் வால்வு இடைவெளியின் கோளாறாக மட்டும் இல்லாமல், எண்ணெய் மேலே ஏறாததன் முதல் முறையீடாகவும் இருக்கிறது. இடைவெளியைச் சரிசெய்யச் சொல்லும் முன், எண்ணெயின் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

எண்ணெயின் மற்றொரு வேலை வெப்பத்தை எடுத்துச் செல்வது. காற்றால் குளிரும் என்ஜினில் சிலிண்டரின் துடுப்புகள் வெளியிலிருந்து வெப்பத்தை இறக்க, காற்று எட்டாத உட்பாகங்களின் வெப்பத்தை எண்ணெயே சுமந்து வந்து கிராங்க் அறையின் சுவர்களில் இறக்குகிறது. 800 மில்லியில் 200 மில்லி குறைந்தால் எஞ்சிய எண்ணெயின் ஒவ்வொரு துளியும் முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. இறக்கிய வெப்பம் ஆறுமுன்னரே மீண்டும் மேலேற வேண்டியிருக்கிறது. சூடு கூடக்கூட எண்ணெய் விரைவில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுகிறது. சூட்டில் மெலிந்து இன்னும் எளிதாகப் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எரிகிறது. குறைவே மேலும் குறைவை வளர்க்கும் இந்தச் சுழற்சி தொடங்கிவிட்டால், அடுத்த ஆயில் மாற்றும் தேதி வரை எண்ணெய் தாக்குப்பிடிக்கும் என்ற கணக்கு பொய்த்துவிடும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இருவர் அமர்ந்து தாழ்ந்த கியரில் ஏறும் வண்டியை எண்ணிப் பார்க்கலாம்: என்ஜின் வேகமாகச் சுழல, வண்டி மெல்ல நகர்வதால் காற்றோட்டம் குறைகிறது, வண்டியின் முகம் மேல்நோக்கியிருப்பதால் எண்ணெய் பின்பக்கம் சாய்கிறது. சமதரையில் எப்படியோ சமாளித்துவந்த குறைந்த அளவு, பம்ப் எண்ணெயோடு காற்றையும் சேர்த்து இழுக்கும் நிலைக்கு அங்கே வந்துவிடுகிறது.

இவற்றுள் எதையும் ஓட்டுபவருக்கு அறிவிக்கும் விளக்கு பெரும்பாலான நூறு சிசி வண்டிகளில் இல்லை. கார்களில் உள்ள சிவப்பு எண்ணெய் விளக்கும் அழுத்தம் வீழ்ந்ததைத்தான் காட்டுமே தவிர அளவு குறைந்ததைக் காட்டாது. அது எரியும் நேரத்தில் தீங்கு தொடங்கியிருக்கும். ஆகவே மூடியோடு சேர்ந்த சிறு அளவுகோலான டிப்ஸ்டிக்கோ, சில வண்டிகளில் கிராங்க் அறையின் பக்கத்தில் பதித்திருக்கும் கண்ணாடிச் சாளரமோதான் இங்கு உள்ள ஒரே எச்சரிக்கைக் கருவி. அதுவும் பார்ப்பவருக்கு மட்டுமே எச்சரிக்கும்.

பார்க்கும் முறையில் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிமிர்ந்து நிறுத்த வேண்டும். இந்த வண்டிகளில் எண்ணெய் ஊற்றும் மூடி வலப்பக்கத்தில் இருக்க, சைடு ஸ்டாண்டு வண்டியை இடப்பக்கம் சாய்த்துவிடுகிறது. எண்ணெயும் இடப்பக்கம் ஒதுங்க, டிப்ஸ்டிக் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், அதைப் பார்த்துத் தேவையின்றி எண்ணெய் ஊற்றப்படும். கண்ணாடிச் சாளரம் கொண்ட ராயல் என்ஃபீல்டு புல்லட்டைப் புதிதாக வாங்கியவர்கள் சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் சாளரம் காலியாக இருப்பதைக் கண்டு பதறுவதும் இந்தச் சாய்வினால்தான். வண்டியை நிமிர்த்தினால் எண்ணெய் தன் கோட்டுக்கு வந்துவிடும். அடுத்து என்ஜினை மூன்று முதல் ஐந்து நிமிடம் முறுக்காமல் ஐடிலிங்கில் ஓடவிட்டு, நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். ஓடும் என்ஜினில் எண்ணெயின் ஒரு பகுதி தலைப்பகுதியிலும் வடிகட்டிக்குள்ளும் கிளட்ச் அறையிலும் இருப்பதால், அது வழிந்து சேர்வதற்குரிய நேரம் அது. சூட்டில் எண்ணெய் விரிவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்: பாகை ஒன்றுக்குச் சுமார் 0.07 விழுக்காடு வீதம், 60 பாகை செல்சியஸ் சூடேறிய 800 மில்லி எண்ணெய் ஏறத்தாழ 34 மில்லி அளவுக்குப் பருத்திருக்கும். வேறுபாடு சிறிதுதான். ஆனால் ஒருநாள் குளிர்ந்த நிலையிலும் மறுநாள் சூடான நிலையிலும் பார்த்துவிட்டு எண்ணெய் கூடியதா குறைந்ததா என்று ஒப்பிடுவது பொருளற்றது. ஒரே முறையில் பார்த்த அளவுகளை மட்டுமே ஒப்பிடலாம்.

டிப்ஸ்டிக்கை எடுத்து, நூல் பிரியாத சுத்தமான துணியால் துடைத்து, மீண்டும் துளையில் வைத்து எடுத்துப் பார்க்கும்போதுதான் பிழைகள் மிகுதியாக நேர்கின்றன. ஹோண்டா வழிவந்த வண்டிகளில் மூடியைத் திருகாமல், மரை தொடங்கும் விளிம்பில் அப்படியே அமர்த்திப் பார்க்க வேண்டும் என்பது விதி. மரை என்பது திருகின் வரிப்பள்ளம். மூடியை முழுவதும் திருகிவிட்டால் மரையின் ஆழம் முழுவதற்கும் கோல் கூடுதலாக உள்ளே இறங்க, எண்ணெயின் தடம் உண்மையைவிட உயரத்தில் பதியும். குறைந்துபோன எண்ணெய் நிறைவாக இருப்பதுபோல் தோன்றும். சைடு ஸ்டாண்டில் நேரும் பிழை எண்ணெயை வீணாக்கும், இந்தப் பிழையோ என்ஜினையே வீணாக்கும் என்பதால் இரண்டில் இதுவே கொடியது. வேறு சில நிறுவனங்கள் திருகி முடித்தே பார்க்கச் சொல்வதும் உண்டு. கோட்டைக் குறித்தவர் எந்த நிலையில் வைத்துக் குறித்தாரோ அந்த நிலையில் பார்ப்பதே முறையாதலால், இவ்விஷயத்தில் அடுத்த வண்டிக்காரரின் அறிவுரையைவிடத் தன் வண்டியின் கையேடே மேல்.

பழைய புல்லட் இதற்கெல்லாம் விதிவிலக்கு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டாக 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல பத்தாண்டுகள் வெளிவந்த அந்த இரும்புச் சிலிண்டர் என்ஜின் உலர் சம்ப் வகை. எண்ணெய்த் தொட்டி கிராங்க் அறை வார்ப்பின் ஒரு பகுதியாகவே அமைந்திருக்க, ஒரு பம்ப் எண்ணெயை அனுப்பவும் மற்றொன்று திரும்ப இழுத்துத் தொட்டியில் சேர்க்கவும் இயங்கும். கியர் பெட்டிக்கும், கிளட்சும் முதன்மைச் சங்கிலியும் உள்ள இடப்பக்க அறைக்கும் தனித்தனி எண்ணெய். வண்டி பல நாள் நின்றால் தொட்டியின் எண்ணெய் பம்பின் இடுக்குகள் வழியே மெல்ல மெல்லக் கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும்; அப்போது டிப்ஸ்டிக்கைப் பார்ப்பவருக்குத் தொட்டி காலியாகத் தெரியும். அதை நம்பி எண்ணெயை நிரப்பிவிட்டு உதைத்துக் கிளப்பினால், கிராங்க் அறையில் இருந்த எண்ணெய் தொட்டிக்குத் திரும்பி இடமின்றிப் பொங்கி, காற்று வெளியேறுவதற்கான மூச்சுக் குழாய் வழியே தரையெங்கும் கொட்டும். புல்லட் எண்ணெய் கக்கும் வண்டி என்று பெயரெடுத்ததில் ஒரு பங்கு, ஓட்டிவிட்டுப் பார்க்க வேண்டியதை ஓட்டும் முன் பார்த்தவர்களுக்கு உரியது. ஒரே எண்ணெயில் அனைத்தும் இயங்கும் புதிய ஒருங்கிணைந்த என்ஜின்கள் வந்த பிறகு இந்த நுட்பம் பழைய வண்டி வைத்திருப்போருக்கு மட்டும் உரியதாகிவிட்டது.

கோலில் இரண்டு குறிகள் இருக்கும். எண்ணெய் மேற்குறியை ஒட்டியிருந்தால் நன்று. இடையில் இருந்தால் ஓட்டலாம். கீழ்க்குறியைத் தொட்டால் அன்றே ஊற்ற வேண்டும். ஊற்றும்போது 50 மில்லி அளவாக ஊற்றி, சற்றுப் பொறுத்து, மீண்டும் பார்ப்பது நலம். எண்ணெய் கூடினால் கெடுதல் இல்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது தவறு. மேற்குறியைத் தாண்டிய எண்ணெயைக் கிராங்கும் கியர்களும் கடைந்துகொண்டே இருப்பதால் அது நுரைக்கிறது; நுரையில் உள்ள காற்று அழுந்தக்கூடியது, சுமையைத் தாங்காது. கிராங்க் அறையில் காற்றுக்கு இடம் குறைந்து அழுத்தம் கூட, எண்ணெய் மூச்சுக் குழாய் வழியே காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் புகுந்து வடிகட்டியை நனைக்கும், ஆயில் சீல்களைத் தள்ளிக் கசியும். இந்த மிகை பெரும்பாலும் கவனக்குறைவால் அன்றிக் கணக்குக் குழப்பத்தால் நேர்கிறது. கையேடுகள் எண்ணெயின் கொள்ளளவாக இரண்டு எண்களைத் தருகின்றன: என்ஜினை முழுவதும் பிரித்துக் காயவைத்துச் சேர்க்கும்போது ஊற்ற வேண்டியது ஒன்று, அடித் திருகைக் கழற்றி வடித்துவிட்டு ஊற்ற வேண்டியது மற்றொன்று. வடிக்கும்போது உள்ளே ஒட்டியும் தேங்கியும் நின்றுவிடும் எண்ணெயின் அளவுக்கு இரண்டாவது எண் குறைவாக இருக்கும். முதல் எண்ணைப் பார்த்து ஊற்றினாலும், 800 மில்லி தேவைப்படும் வண்டியில் வாங்கிய ஒரு லிட்டர் கேனை மிச்சம் வைப்பானேன் என்று கவிழ்த்துவிட்டாலும் விளைவு ஒன்றே.

எண்ணெய் குறைவதற்கான காரணங்களைப் புகையே பெரிதும் சொல்லிவிடும். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பியதும் சிறிது நேரம் நீலங்கலந்த புகை வந்து நின்றுவிட்டால், வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் இறுகிப்போய், இரவில் சொட்டிய எண்ணெய் எரிகிறது என்று கொள்ளலாம், செலவு சிறிது. முறுக்கும்போதெல்லாம் தொடர்ந்து புகை வந்தால் பிஸ்டன் வளையமோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. பட்டறைப் பேச்சில் ‘வண்டி ஆயில் குடிக்கிறது, போர் வேலை வந்துவிட்டது’ என்பது இதையே குறிக்கும். புகையே இல்லாமலும் எண்ணெய் குறையலாம்: நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக உச்ச வேகத்தில் ஓட்டும்போது எண்ணெயின் இலேசான பகுதி ஆவியாகி மூச்சுக் குழாய் வழியே சென்றுவிடும். சிறிது குறைவது எந்த என்ஜினுக்கும் இயல்பு. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்துக் குறித்து வைத்தால் அந்த வண்டியின் இயல்பு எதுவென்று தெரியும். அந்த இயல்பு திடீரென மாறுவதே நோயின் அறிகுறி. பல கையேடுகள் 3000 கிலோமீட்டரில் குறையை நிரப்பி 6000இல் முழுவதும் மாற்றச் சொல்வதன் அடிப்படையும் இதுவே: இடையில் குறையும் என்று வடிவமைத்தவர்களே எதிர்பார்த்திருக்கின்றனர்.

எண்ணெய் தானாகக் கூடியிருப்பதாகத் தெரிந்தால் அது குறைவதைவிடக் கவலைக்குரியது. கார்புரேட்டரின் மிதவை ஊசி அடைக்காமல் நின்று, பெட்ரோல் சிலிண்டர் வழியே சம்பில் இறங்கியிருக்கலாம். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் தெரிந்துவிடும். அல்லது நீர் புகுந்திருக்கலாம்; அப்போது எண்ணெய் பால் கலந்த தேநீர் போல வெளுத்திருக்கும். அரைக் கிலோமீட்டர் கடைத்தெருப் பயணங்களுக்கு மட்டும் பயன்படும் வண்டியில், என்ஜின் முழுச் சூடு ஏறாததால் எரிதலில் பிறந்த நீராவி வெளியேறாமல் மூடியின் அடியில் வெண்ணிறப் பசையாகப் படிவதும் உண்டு. ஒரு நெடும்பயணம் அதைப் போக்கிவிடும். வெள்ளநீர் அத்தகையதன்று. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழையிலும் சென்னையில் தெருவில் நின்ற எண்ணற்ற இருசக்கர வண்டிகள் மூழ்கின. அவ்வாறு மூழ்கிய வண்டியைக் கிளம்புகிறதா என்று உதைத்துப் பார்ப்பதே பெருந்தவறு. முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எண்ணெயை வடித்து, புது எண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு, வெளுப்பு நீங்கும்வரை மீண்டும் மாற்ற வேண்டும்.

குறையை நிரப்ப எந்த எண்ணெய் என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். கேனில் உள்ள 10டபிள்யூ-30 என்ற குறியில் முதல் எண் குளிரில் எண்ணெய் இளகிநிற்கும் தன்மையையும், இரண்டாவது எண் 100 பாகை செல்சியசில் அதன் பிசுக்குமையையும் குறிக்கின்றன. பிசுக்குமை என்பது ஓட்டத்தை எதிர்க்கும் தன்மை. அந்தச் சூட்டில் 30 என்ற தரத்துக்கு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரையும், 40க்கு அதிலிருந்து 16.3 வரையும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு வெயிலுக்குக் கெட்டியான எண்ணெய்தான் தாங்கும் என்று 10டபிள்யூ-30 கேட்கும் வண்டியில் 20டபிள்யூ-50 ஊற்றுவோர் உண்டு. கெட்டியான எண்ணெய் கேம் வரை ஏற நேரம் பிடிக்கும், எரிபொருளையும் கூடுதலாகச் செலவழிக்கும். வெயிலின் சூடு என்ஜினின் சூட்டுக்கு முன் ஒரு பொருட்டன்று. பிசுக்குமையைவிட முதன்மையானது ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற முத்திரை. ஈரக் கிளட்சின் தட்டுகள் எண்ணெயில் மூழ்கியிருந்தும் ஒன்றையொன்று பற்ற வேண்டியிருப்பதால், அதற்குத் தக்க உராய்வு உள்ள எண்ணெயை அடையாளம் காட்ட ஜப்பானில் 1998இல் வகுக்கப்பட்ட தரம் அது. கார்களுக்கான எண்ணெய்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் இருக்கும். வீட்டில் மிஞ்சிய கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். எம்பி என்ற முத்திரை, எண்ணெய் படாத உலர் கிளட்ச் கொண்ட ஸ்கூட்டர்களுக்கு உரியது. எண்ணெயின் நிறம் கறுத்துவிட்டது என்பதை மட்டும் கொண்டு அது கெட்டுவிட்டதாக முடிவுசெய்ய வேண்டியதில்லை. கரியைத் தன்னுள் மிதக்கவைத்துப் பாகங்களில் படியவிடாமல் காப்பது எண்ணெயின் கடமையாதலால், கறுப்பது அது வேலை செய்வதன் அடையாளம்.

முழுவதும் மாற்றும்போது, என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கையில் வடித்தால் மிதக்கும் அழுக்கும் சேர்ந்து இறங்கும். அடித் திருகைப் பூட்டும்போது புது வாஷர் இட்டு அளவாக முடுக்க வேண்டும். கிராங்க் அறை அலுமினியத்தால் ஆனதாகையால் கைவலுவைக் காட்டினால் மரை போய்விடும், பிறகு சொட்டு நிற்காது. வடித்த எண்ணெயைக் கட்டடத் தொழிலாளர் சென்ட்ரிங் பலகையில் சிமென்ட் ஒட்டாமலிருக்கத் தடவுவதும், மரச்சட்டங்களுக்குக் கரையான் மருந்தாகப் பூசுவதும், சங்கிலியில் விடுவதும், எஞ்சியதைச் சாக்கடையில் கொட்டுவதும் ஊர்தோறும் உள்ள வழக்கம். உலோகத் துகளும் எரிதலின் நச்சும் கலந்த அந்த எண்ணெய், 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி அபாயக் கழிவாகும்; 2024 ஏப்ரல் முதல், எண்ணெயை உற்பத்தி செய்வோரும் இறக்குமதி செய்வோரும் பயன்படுத்தப்பட்ட எண்ணெயின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் நடப்புக்கு வந்துள்ளது. எனவே, ஊற்றிய அளவை மில்லியில் பில்லில் எழுதித் தருவதோடு, வடித்த எண்ணெயை டிரம்மில் சேர்த்து உரிமம் பெற்ற மறுசுழற்சி ஆலைக்கு அனுப்பும் கடையைத் தேர்ந்து அங்கேயே ஆயில் மாற்றுமாறு வண்டி வைத்திருப்போர் அனைவரும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.